கடலில் போன பிள்ளையின் படமும் திதியும்

காரைக்குடியிலிருந்து:

நம் கடற்படையின் குக்ரி கப்பல் 1971 போரில், டிசம்பர் 9 இரவு, குஜராத் கரையோரத்து டையூவுக்கு அப்பால், பாகிஸ்தானின் ஹேங்கோர் நீர்மூழ்கி விட்ட டார்பிடோவில் மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லாவும் கப்பலோடு போனார். இப்படி உடம்பு கரை சேராத வீட்டில் மிஞ்சுவது யூனிஃபார்ம் போட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம், ஒரு தந்தி, மெடல். பிள்ளையை நினைக்க இவ்வளவுதான். அதையும் அக்கறையாகத்தான் கெடுக்கிறோம்.

படத்தை வளவில் மாட்டாதீர்கள். முற்றத்து வெயில் வெளுக்க வைக்கும், ஐப்பசிச் சாரல் உள்ளே இறங்கும். பட்டாலை, அதாவது கூடத்தின் உள்சுவரே மேல். படம் கண்ணாடியை ஒட்டி இருக்கவே கூடாது. ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும். நடுவில் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி வர அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். சட்டத்தின் கீழ் மூலைகளில் பாட்டில் கார்க் துண்டு இரண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும், கரையான் ஏறினாலும் கண்ணில் படும். ஏற்கெனவே ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம், கண்ணாடியோடு அப்படியே 600 டிபிஐயில் ஸ்கேன் எடுங்கள். ஈர மல்லிகை மாலையில் சொட்டும் தண்ணீர் சட்டத்துக்குள் போகும். சந்தன மாலை போதும். தந்தியை லேமினேட் செய்தால் திரும்பப் பிரிக்க வழியே கிடையாது.

தேவகோட்டையிலிருந்து:

காரைக்குடி அண்ணன் சொன்னதோடு திதியையும் சேர்க்க வேண்டும். தந்தி வந்த நாளையே திதியாகப் பிடித்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை. கப்பல் போன நாளும் நேரமும்தான் கணக்கு. குக்ரி என்றால் விரோதிகிருது வருடம் கார்த்திகை. அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தில் அன்று இரவு எந்தத் திதி ஓடியது என்று சாஸ்திரிகளிடம் பார்க்கச் சொல்லுங்கள். ஆயுதத்தால் இறந்தவர்களுக்கு மகாளய பட்சத்துச் சதுர்த்தசி தனியாக உண்டு. கடலில் திதி கொடுக்க நமக்குப் பக்கம் தேவிபட்டினம்.

டையூவிலேயே கடலைப் பார்த்து குக்ரிக்கு நினைவிடம் இருக்கிறது, கண்ணாடிக் கூண்டுக்குள் கப்பலின் மாதிரியோடு. ரயிலில் வெராவல் போய் அங்கிருந்து பஸ்.

கண்டனூரிலிருந்து:

இரண்டாம் உலகப் போரில் சரக்குக் கப்பலோடு கடலில் போனவர் என்றால் வழி வேறு. கல்லறை இல்லாத 6,000-க்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகளின் பெயர்கள் நினைவேட்டில் இருக்கின்றன. ஒரு பிரதி மும்பையில், ஒன்று சிட்டகாங்கில். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்திலும் தேடலாம். பெயரை மட்டும் போட்டால் கிடைக்காது. கருப்பையா என்ற பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அப்பா பெயர் முன்னால் வந்திருக்கும். கப்பல் பெயரையும் தேதியையும் வைத்துத் தேடி, பிறகு ஆளைப் பிடியுங்கள்.

ஆச்சிமாருக்கு ஒரு வார்த்தை: பொங்கலுக்குக் குத்துவிளக்கோடு மெடலையும் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். 1971 போருக்காகக் கொடுத்த சங்ராம் மெடலின் விளிம்பில் அவருடைய நம்பரும் பெயரும் பொடி எழுத்தில் பதிந்திருக்கும், துலக்கத் துலக்க அது தேயும். உலர்ந்த பருத்தித் துணி போதும். எழுத்து தெரியவில்லையானால் அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள், நிழலில் எழும்பும்.