மகன் பச்சை குத்தப் போகிறானாம், என்ன சொல்ல?

வணக்கம், நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். 19 வயது மகன், ஆவணி மடு மாதா திருவிழாவுக்கு முன் முன்கையில் சிலுவை பச்சை குத்துவேன் என்று நிற்கிறான். நீலப் பேனையால் கீறியும் காட்டிவிட்டான்.

உடலில் பச்சை குத்தாதே என்கிற வேத வசனம், லேவியர் 19:28ஐக் காட்டினேன். "அதற்கு முந்தின வசனம் தாடி ஓரத்தை வெட்டாதே என்கிறது, அப்பா சவரம் செய்கிறாரே?" என்றான். எகிப்தில் கொப்டிக் கிறிஸ்தவர்கள் மணிக்கட்டில் சிலுவை குத்துவார்களாம். அப்புறம் என் மூக்குத்தியைப் பார்த்தான். வேதத்தில் ஈசாக்கின் மனைவி ரெபேக்காவுக்கும் மூக்கணி போட்டார்கள்தானே என்று சமாளித்தேன்.

உண்மையில் எனக்கு வேதத்தைவிட ஊசிதான் பயம். குத்தப்போவது கடையில்கூட இல்லை, யாரோ சிநேகிதனின் அறையில். இடப்பெயர்வுக்குள்ளும் பொத்திக் கொண்டுவந்த கிளினிக் அட்டையில் ஊசியால் தொற்றக்கூடிய ஈரல் நோயான ஹெபடைடிஸ் பிக்குத் தடுப்பூசி போட்டது பதிந்திருக்கிறது. ஆனால் ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியே இல்லை, எச்.ஐ.வியும் அப்படித்தான். எனக்குக் காது குத்தினபோதே ஒரு மாதம் சீழ் வடிந்தது.

வவுனியா, யாழ்ப்பாணப் பக்கம் புது ஊசியைக் கண்முன்னே பிரித்து, மையைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றிக் குத்தும் இடம் தெரியுமா? குத்தினவர்கள் புண் ஆறும்வரை என்ன செய்தீர்கள்? உங்கள் பங்குத்தந்தை, போதகர் என்ன சொன்னார்கள்? திட்டாமல் சொல்லுங்கள், அவனும் வாசிப்பான்.