விளக்கு எரிகிறது, படம் மட்டும் இல்லை: உங்கள் அனுபவம் என்ன?

வைகைக்கரையான்:
என்னுடையது பிஎஸ்4, டிவியில் இணைத்து ஆடும் பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுக் கன்சோல். பொத்தானை அழுத்தினால் பீப் சத்தம் வருகிறது, நீல விளக்கு துடித்து வெள்ளைக்கு மாறுகிறது, உள்ளே விசிறி சுழல்கிறது. டிவியில் மட்டும் ‘சிக்னல் இல்லை’. இங்கே இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அக்கா மகன் கேபிளில் கால் தட்டி விழுந்தான், முன்கதை அவ்வளவுதான்.

எனக்கு இன்னும் ஆறாதது ரிப்பேர் கடையில் நடந்தது. அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. தன் டிவியில் செருகிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், “போர்டு போய்விட்டது சார்” என்றார். அவர் கேட்ட தொகைக்குப் பழைய பிஎஸ்4 ஒன்றையே வாங்கிவிடலாம். “போர்டு போயிருந்தால் வெள்ளை விளக்கு எப்படி வரும்?” என்று கேட்டேன். “விளக்கு வேறு, போர்டு வேறு” என்றார். என்ன பதில் இது!

கோபத்தோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் ரிமோட் பிளே, அதாவது கன்சோலில் ஓடுவதைக் கைபேசியில் காட்டும் வசதி, ஞாபகம் வந்தது. அதை எப்போதோ இயக்கி வைத்திருந்தேன். கைபேசியில் திறந்தேன். சற்றுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு முகப்புப் பக்கம் வந்தே விட்டது! பாதியில் விட்ட ஆட்டம் அப்படியே நிற்கிறது. எதிரே டிவி கறுப்பு, உள்ளங்கையில் முழுப் படம். பக்கத்தில் இருந்த பையன், “மாமா, அப்படியென்றால் டிவிதான் செத்துப்போச்சா?” என்றான். டிவியும் நன்றாகத்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவில்தான் கோளாறு.

வேறொருவரிடம் கொடுத்தேன். டிவிக்குப் போகும் கேபிளைச் செருகும் எச்டிஎம்ஐ சாக்கெட்டில் உள்ள 19 பின்களில் இரண்டு மடங்கி உள்ளே போயிருந்தன. சாக்கெட்டை மாற்றினார், இன்றுவரை ஓடுகிறது. அந்த முதல் கடை வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி இரண்டு வார்த்தை கேட்க வேண்டும் போலிருக்கிறது.

பொறுமைசாலி:
என்னுடையது பிஎஸ்3. பொங்கலுக்கு அத்தை வீட்டுக்கு எடுத்துப் போனோம், அங்கே பழைய பெட்டி டிவி, மஞ்சள்-சிவப்பு-வெள்ளை கேபிள். படம் வரவில்லை. பிள்ளைகள் எல்லாம் பாயில் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றல் பொத்தானை இரண்டாவது பீப் வரும்வரை அழுத்திப் பிடித்தேன், வந்துவிட்டது. அந்த இயந்திரம் கடைசியாக எச்டிஎம்ஐ வழியாகப் படம் அனுப்பியதை நினைவில் வைத்துக்கொண்டு அதையே செய்துகொண்டிருந்தது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். முதலில் டிவியின் இன்புட்டைப் பாருங்கள். எச்டிஎம்ஐ 1, 2 என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அடுத்து கேபிளை இரண்டு முனையிலும் கழற்றுங்கள், டிவியையும் கன்சோலையும் சுவர் சுவிட்சிலேயே அணையுங்கள். ரிமோட்டில் அணைத்தால் டிவி உண்மையில் அணைவதில்லை. சற்றுப் பொறுத்து, டிவியை முதலில் போட்டுப் பிறகு கன்சோலைப் போடுங்கள். கன்சோல் படம் அனுப்பும் முன் ‘உன்னால் எதையெல்லாம் காட்ட முடியும்?’ என்று டிவியைக் கேட்கிறது. அந்தப் பதில் சரியாகக் கிடைக்காவிட்டால் படமும் வராது.

அதுவும் உதவவில்லையென்றால் சேஃப் மோட், கோளாறு பார்ப்பதற்கென்றே கன்சோலில் இருக்கும் எளிய நிலை. பிஎஸ்4-ஐ முழுவதும் அணைத்துவிட்டு ஆற்றல் பொத்தானை ஏறக்குறைய 7 விநாடி, இரண்டாவது பீப் வரை பிடியுங்கள். கன்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளில் இணைக்க வேண்டும், புளூடூத் அங்கே வேலை செய்யாது. பட்டியலில் ரெசல்யூஷனை (படத்தின் புள்ளி அளவை) மாற்றும் வரியை மட்டும் தொடுங்கள். கீழே ‘இனிஷியலைஸ்’ என்று இருப்பதைத் தொட்டால் சேமித்ததெல்லாம் போகும். எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல் வைத்திருப்பவர்கள் ஆற்றல் பொத்தானையும் டிஸ்க் வெளியேற்றும் பொத்தானையும் சேர்த்து, அதேபோல் இரண்டாவது பீப் வரை பிடிக்கலாம். 640க்கு 480 புள்ளிகள் என்ற மிகக் குறைந்த அளவில் திறக்கும், எந்த டிவியும் அதைக் காட்டிவிடும். ஆட்டத்தைக் கணினியில் பதிவு செய்யும் கேப்ச்சர் கார்டு வழியாக இணைத்திருந்தால் எச்டிசிபி என்ற நகல் தடுப்பை அமைப்புகளில் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் கறுப்புத்தான். கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை…

கரிப்புகை:
பொறுமைசாலி அண்ணா, மூச்சு விடுங்கள்.

நான் ரிப்பேர் தொழிலில் இருப்பவன், அதனால் அந்தக் கடைக்காரர் பக்கமும் கொஞ்சம் பேசுகிறேன். வைகைக்கரையான், பையன் கேபிளில் கால் தட்டியதை அவரிடம் சொன்னீர்களா? பத்தில் ஒன்பது பேர் சொல்வதில்லை. “ஒன்றும் செய்யவில்லை, தானாகப் போய்விட்டது” என்பார்கள், திறந்தால் உள்ளே காபி.

இன்னொன்று. கைபேசியில் படம் வந்தால் படம் வரையும் சிப் நலம், அதுவரை சரி. அதை வைத்துச் சாக்கெட்தான் குற்றவாளி என்று முடிவுகட்ட முடியாது. சாக்கெட்டுக்குப் பின்னால் எச்டிஎம்ஐ சமிக்ஞையை அனுப்புவதற்கென்றே தனியாக ஒரு சிப் இருக்கிறது, நடுவில் கடுகைவிடச் சிறிய ஃபில்டர்கள் இருக்கின்றன. மல்டிமீட்டர் என்ற மின் அளவுக் கருவியை டையோடு நிலையில் வைத்து ஒவ்வொரு பின்னாக அளக்க வேண்டும். தரவு போகும் பின்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் வேறு மாதிரி காட்டினால் அந்த வழியில் தேடிப் போகலாம். உங்களுக்குப் பின் மடங்கியதோடு போனது அதிர்ஷ்டம்.

என் கதை சிறியது. ஒரு பிஎஸ்4 வந்தது, இதே வெள்ளை விளக்கு, இதே கறுப்புத் திரை. அளவெல்லாம் தாறுமாறாகக் காட்டியது. சாக்கெட்டைக் கழற்றி உருப்பெருக்கியில் பார்த்தால், பின்களுக்குக் குறுக்கே ஒரு கரப்பான் குஞ்சு நசுங்கிக் கிடக்கிறது. மீசை மட்டும் முழுசாக இருந்தது. வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “எங்கள் வீட்டில் கரப்பானே கிடையாது” என்று என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டார்! என் கடையில்தான் புகுந்தது என்றார். கூலி வாங்கவே முடியவில்லை.

வைகைக்கரையான்:
சொன்னேன் தம்பி, உரக்கவே சொன்னேன். பையனையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு சொன்னேன்.

கரிப்புகை:
அப்படியானால் அவர் திறந்து பார்த்திருக்க வேண்டும். மன்னிக்க முடியாது.

உறையூர் வாசி:
எச்டிஎம்ஐ வருவதற்கு முந்தைய கதை சொல்லலாமா? பிஎஸ்2-ஐப் புதிய தட்டை டிவியில் காம்பொனன்ட் கேபிளில் இணைத்தேன். பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் படத்துக்கு, இரண்டு ஒலிக்கு. முகப்பு வந்தது. பிஎஸ்2 ஆட்டங்கள் வந்தன. பழைய பிஎஸ்1 கார் பந்தய டிஸ்க்கைப் போட்டால் திரை கறுப்பு. ஆனால் சத்தம் கேட்கிறது! இசை, எண்ணிக்கை, எஞ்சின் உறுமல் எல்லாம். பழக்கப்பட்ட பாதை என்பதால் காதை வைத்தே வண்டியை ஓட்டினேன். சுவரில் மோதும் சத்தம் வந்தால் திருப்புவேன், மறுபடி எஞ்சின் உறுமும். என் தங்கை வந்து வெறும் கறுப்புத் திரைக்கு முன்னால் நான் சாய்ந்து சாய்ந்து ஓட்டுவதைப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள்.

தெருவில் இருந்த ‘எல்லாம் தெரிந்த’ அண்ணன் லென்ஸ் தேய்ந்துவிட்டது என்றார். லென்ஸ் தேய்ந்தால் இசை எப்படி வரும்? காரணம் பிறகுதான் புரிந்தது. பிஎஸ்2 முகப்பு 576ஐ என்ற இடைவரிப் படம், அதாவது 576 வரிகள் ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தவணையில் வரும். பிஎஸ்1 ஆட்டங்களில் பெரும்பாலானவை அதில் பாதி வரிகளில், 288பி அளவில் அனுப்பும். அமெரிக்க, ஜப்பானிய டிவி முறையான என்டிஎஸ்சி வகையில் அது 240பி. பெட்டி டிவிகள் அதை ஒரு வார்த்தை பேசாமல் காட்டின. பல தட்டை டிவிகள் காம்பொனன்ட் வழியாக அந்த அளவு வந்தால் சிக்னலே இல்லை என்று சாதிக்கின்றன. மஞ்சள் கேபிளுக்கு மாறினேன், கார் தெரிந்தது. கொஞ்சம் மங்கல்தான்.

கரிப்புகை:
இதற்காகவே சிலர் பெட்டி டிவியை விற்காமல் வைத்திருக்கிறார்கள். நானும்தான்.

பாண்டியக்கோட்டை:
தம்பி பிறந்தநாளுக்கு நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோல் ஸ்விட்ச் லைட், கூடவே டிவியில் இணைக்க யுஎஸ்பி-சி அடாப்டர் ஒன்று. விற்றவர் “செருகினால் வரும்” என்றார். செருகினால் சார்ஜ் ஏறியது, கையில் இருந்த திரையிலும் எல்லாம் ஓடியது, டிவியில் மட்டும் ஒன்றுமில்லை. கேக் வெட்ட வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பக்கத்து வீட்டுத் தாத்தா ஆன்டெனாவைத் திருப்பச் சொன்னார். தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

2019இல் வந்த ஸ்விட்ச் லைட்டில் டிவிக்குப் படம் அனுப்பும் வசதியே கிடையாது. எந்த அடாப்டராலும் ஆகாது.

பொறுமைசாலி:
சாதாரண ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அதை டிவியோடு இணைக்கும் தாங்கியான டாக்குக்குக் கைபேசி சார்ஜர் போதாது. கன்சோலுடன் வரும் அடாப்டர் 15 வோல்ட் கொடுக்கிறது, அது இல்லாமல் டாக் டிவிக்குப் படம் அனுப்பாது. கேபிளைப் பற்றிச் சொல்ல வந்ததையும் சொல்லிவிடுகிறேன். எச்டிஎம்ஐ 2.0 என்றால் விநாடிக்கு 18 ஜிகாபிட், 2.1 என்றால் 48. பிஎஸ்5-ஐ 4கே, 120 ஹெர்ட்ஸில் ஓட்டப் பழைய கேபிளைப் போட்டால்…

ஊதல்:
இவ்வளவு தொழில்நுட்பம் எனக்கு வேண்டாம். எங்கள் காலத்தில் கேசட்டை எடுத்து ஊதினோம், படம் வந்தது. 90களில் கார்ட்ரிட்ஜ் போடும் நகல் கன்சோல்கள், ஆன்டெனா வயரில் இணைத்து டிவியில் சேனல் தேடிப் பிடிக்க வேண்டும். ஒருநாள் மதியம் எவ்வளவு தேடியும் எங்கள் டிவியில் வெறும் புள்ளிமழை. கன்சோலில் சிவப்பு விளக்கு எரிகிறது. அப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார். அப்போது பின்வீட்டு அத்தை மதில் மேல் எட்டிப் பார்த்து, “டேய், எங்கள் டிவியில் ஒரு பொம்மை குதித்துக்கொண்டிருக்கிறது, உங்களுடையதா?” என்றார். ஓடிப்போய்ப் பார்த்தோம். புள்ளிகளுக்கு நடுவே லேசாக, எங்கள் ஆட்டம்! என் அண்ணன் இங்கே பொத்தானை அழுத்த, அங்கே பொம்மை குதித்தது. நான் மதிலில் உட்கார்ந்து “பள்ளம், பள்ளம்!” என்று கத்திக்கொண்டிருந்தேன்.

உறையூர் வாசி:
ஐயா, கதை நன்றாக இருக்கிறது. நம்ப முடியவில்லை.

கரிப்புகை:
நடக்கும். அந்தப் பெட்டிகள் சிறிய ஒளிபரப்பு நிலையம் மாதிரிதான். கன்சோல் வயரையும் மொட்டைமாடி ஆன்டெனாவையும் ஒன்றாக முறுக்கிவிட்டிருந்தால் சமிக்ஞை ஆன்டெனா வழியாக வெளியேயும் போகும். பின்வீட்டு டிவி அதே அலைவரிசையில் இருந்திருக்கும், உங்களுடையது ஒரு நூல் தள்ளி இருந்திருக்கும்.

ஊதுவதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். எச்சில் ஈரம் செப்பில் பட்டால் களிம்பு ஏறும். ஊதியதால் படம் வரவில்லை, எடுத்து மறுபடி செருகியதால் தொடுமுனைகள் உரசிச் சுத்தமாகி வந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பஞ்சும் போதும்.

ஊதல்:
ஊதினோம், வந்தது. என்னிடம் வாதாட வேண்டாம்.

கடலூர்த் தென்றல்:
பொறுமைசாலி சொன்ன அத்தனையையும் செய்து பார்த்தேன், எங்களுக்கு ஒன்றும் பலிக்கவில்லை. ஐப்பசி மழை, இடி. கன்சோல் யுபிஎஸ்ஸில் இருந்தது, பத்திரம் என்று நினைத்திருந்தோம். ‘படார்’ என்றது, செட்டாப் பாக்ஸ் பின்னாலிருந்து நீலமாக ஒரு பொறி, பிறகு கருகல் வாடை. மின்சாரம் போகவே இல்லை, அதுதான் ஆச்சரியம். இடி தெருவில் வரும் கேபிள் டிவி வயரில் இறங்கி, செட்டாப் பாக்ஸ், அங்கிருந்து டிவி, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாகக் கன்சோல் என்று வந்திருக்கிறது. யுபிஎஸ் காத்தது மின்சார வழியை மட்டும். பிஎஸ்4 இப்போதும் வெள்ளை விளக்கோடு கிளம்புகிறது, எந்த டிவியிலும் படம் இல்லை. ரிமோட் பிளே நாங்கள் இயக்கி வைக்கவில்லை. உள்ளே மகள் ஓர் ஆட்டத்தில் பல மாதம் கட்டிய ஊர் ஒன்று இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு பிஎஸ்4-இல் போட்டால் கிடைத்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார்.

கரிப்புகை:
போடாதீர்கள் அக்கா! அந்த டிஸ்க்கில் இருப்பது உங்கள் கன்சோலோடு பூட்டப்பட்டது. வேறொன்றில் போட்டால் ஃபார்மட் செய்யச் சொல்லும், ‘சரி’ கொடுத்தால் ஊர் போய்விடும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எச்டிஎம்ஐ சிப்தான் போயிருக்க வேண்டும். சூடான காற்றில் அதைக் கழற்றிப் புதியது வைப்பார்கள், டிஸ்க்கைத் தொடத் தேவையில்லை. கொடுக்கும்போதே ‘இனிஷியலைஸ் செய்யக் கூடாது’ என்று பெட்டி மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். அந்த டிவியின் எச்டிஎம்ஐ சாக்கெட்டுகளையும் சோதித்துக்கொள்ளுங்கள். அதில் கசிவு இருந்தால் புதுச் சிப்பையும் கொன்றுவிடும்.

பொறுமைசாலி:
கேபிள் டிவி வயருக்கென்று தனியாக சர்ஜ் தடுப்பான், அதாவது திடீரெனப் பாயும் மிகை மின்சாரத்தைத் தடுக்கும் கருவி, கிடைக்கிறது. அதைப் பொருத்தும் முறை என்னவென்றால்…