மறு: வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் துளைக்குப் பெயர்: ‘கசிகண்’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

கார் பராமரிப்புக் கையேட்டுக்கான சொற்பட்டியல் ரேடியேட்டரைத் தாண்டி வாட்டர் பம்பில் வந்து நிற்கிறது. பம்பின் உடலில், ஷாஃப்டுக்கு நேர் கீழே, பென்சில் முனை நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதற்கு ‘அழுகைத் துளை’, ‘கண்ணீர்த் துளை’, ‘கசிவுத் துளை’ என்று மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. முதல் இரண்டும் ‘weep hole’ என்ற ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எழுதியவை என்று பார்த்தாலே தெரிகிறது. மூன்றாவது நல்ல தமிழ்தான். ஆனால் மூன்றில் ஆபத்தானதும் அதுதான்.

பம்பின் ஒரு பக்கம் கூலன்ட், அதாவது இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம். அதைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லர் அங்கே இருக்கிறது. மறுபக்கம் பெல்ட் ஓடும் புல்லி. இரண்டையும் சேர்க்கும் ஷாஃப்ட் பேரிங்கில் சுழல்கிறது. கூலன்ட் பேரிங் பக்கம் போகாமல் நடுவில் ஒரு சீல் தடுக்கும். சீல் தேய்ந்துவிட்டால் கூலன்ட் பேரிங்குக்குள் இறங்கி கிரீஸைக் கழுவிவிடும். இறங்குவதற்கு முன்னால் வெளியே விழட்டும் என்றுதான் கம்பெனிக்காரன் அந்தத் துளையை வைத்திருக்கிறான். மொட்டைமாடித் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் மாதிரி. அதில் தண்ணீர் கொட்டினால் மோட்டாரை நிறுத்தப் போவோமே தவிர, குழாய்க்குத் தக்கை வைக்க மாட்டோம்.

‘கசிவுத் துளை’ என்று படிக்கிறவர் கசிவால் உண்டான துளை என்று எடுத்துக்கொள்வார். அடுத்த வேலை எம்-சீல் வாங்கி அடைப்பதுதான். வியாசர்பாடியில் என் மச்சான் பட்டறைக்கு அப்படி அடைத்த பம்பு ஒன்று வந்தது. புல்லியை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் டொக், டொக் என்று சத்தம். பேரிங்கைப் பிரித்தபோது கிரீஸ் இருந்த இடத்தில் துருச்சேறு, குண்டுகளில் கருப்புக் குழிகள். “வெளிய வரவேண்டிய தண்ணிய உள்ள அனுப்பிட்டான்” என்று மச்சான் துளையைச் சுரண்டிக் காட்டினான்.

ஆகவே, இது வேண்டுமென்றே வைத்தது, எட்டிப் பார்க்க வேண்டிய இடம் என்று சொல்லிலேயே தெரிய வேண்டும். காசிமேட்டில் வலைக்குக் கண் உண்டு. வலை கிழிந்தால்தான் ஓட்டை. சல்லடைக் கண், ஊற்றுக்கண் எல்லாமே இந்த வழக்குதான். எனவே ‘கசிகண்’ என்று முன்மொழிகிறேன். வினைத்தொகை என்பதால் நடுவில் ‘க்’ போட வேண்டாம்.

கையேட்டில் அந்தச் சொல்லை அடுத்து வரும் பத்திக்கு ஒரு வரைவு:

“கசிகண்ணின் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். புதுப் பம்பில் ஆரம்பத்தில் லேசான கறை தென்படலாம், பரவாயில்லை. பச்சை, ரோஸ் அல்லது வெள்ளை நிறத்தில் உப்புப் பூத்த கோடு கீழ்நோக்கி இறங்கியிருந்தாலோ, துளி நிற்காமல் சொட்டினாலோ சீல் போய்விட்டது என்று பொருள். பம்பை மாற்றுங்கள். துளையை அடைக்காதீர்கள்.”

நம்மூரில் இதோடு ஒரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. ஏசி போட்ட எந்த வண்டியும் கீழே தண்ணீர் விடும். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் அரை மணி நேரம் நின்ற காரின் அடியில் ஈரம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ராத்திரி இன்ஜினுக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையைப் போட்டுவையுங்கள். ஏசித் தண்ணீர் நிறமில்லாமல் காய்ந்துவிடும். கூலன்ட் நிறம் விட்டுப் போகும், விரலில் தேய்த்தால் வழுக்கும். நாக்கில் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள்; பெரும்பாலான கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் நஞ்சு. தெருநாய் நக்காமல் கழுவிவிடுவது நல்லது.

கொருக்குப்பேட்டையிலிருந்து

* * *

தம்பி,

துளைக்கும் ஓட்டைக்கும் உள்ள பேதத்தை நன்றாகப் பிடித்தீர்கள். ஆனால் ‘கசிகண்’ என்றால் எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ‘வடிதுளை’ போதாதா? இன்னொன்று: துளைக்கு இத்தனை பாடுபடும் நீங்கள் பேரிங்கை ‘தாங்கி’ என்றும் பம்பை ‘நீரேற்றி’ என்றும் எழுதாமல் விடுவது என்ன நியாயம்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியன், பெரம்பூர்

* * *

ஐயா, வணக்கம்.

> ‘வடிதுளை’ போதாதா?

வடிப்பது நாமாகச் செய்வது. சோறு வடிக்கிறோம். ரேடியேட்டரின் அடியில் பழைய கூலன்டை மொத்தமாக இறக்க ஒரு திருகு இருக்கிறது. ‘வடி’யை அதற்கு வைத்துக்கொள்வோம், ‘வடிதிருகு’. பம்பில் இருப்பது தானாகக் கசிவது. ஆஸ்பத்திரி பயத்துக்கு ‘பம்பின் கசிகண்’ என்று முழுதாக எழுதிவிட்டால் போயிற்று.

‘தாங்கி’ சரி, பாடநூலிலேயே இருக்கிறது. ‘நீரேற்றி’யில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்தப் பம்பு நீரை எங்கேயும் ஏற்றுவதில்லை, இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சுற்றவிடுகிறது. ‘சுற்றோட்ட எக்கி’ என்று பட்டியலில் ஏற்றலாம். ஆனால் கையேட்டின் ஓட்டத்தில் ‘வாட்டர் பம்பு’ இருக்கட்டும். மூலக்கொத்தளத்தில் கடைக்காரரிடம் போய் ‘சுற்றோட்ட எக்கி’ கேட்டால் பொருள் கிடைக்காது.

பட்டறையில் ஏற்கெனவே புழங்கும் வினைச்சொற்களையும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே மூன்று சொல்வார்கள்: ஒழுவுது, கத்துது, ஆடுது. பம்பு சாகப்போவதன் குறிகள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். ‘கத்துது’ என்பது பேரிங் சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும், விட்டால் இறங்கும். ஆனால் அதே பெல்ட்டில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஓடுவதால் எது கத்துகிறது என்று காதை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது. இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். மண் அரைவது போலக் கைக்குத் தட்டுப்பட்டால் அதுதான். ஆட்டமும் அப்போதே தெரிந்துவிடும். சில வண்டிகளில் பம்பு, வால்வுகளை நேரம் பார்த்துத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டில் ஓடும். அவற்றில் பெல்ட் மாற்றும்போதே பம்பையும் மாற்றிவிடுவார்கள், ஏனென்றால் பம்பு இறுகினால் பெல்ட் அறுந்து, பல இன்ஜின்களில் வால்வுகளே வளைந்துவிடும்.

இந்த மூன்றிலும் அடங்காதது ஒன்று உண்டு, அதற்குத்தான் எங்களிடம் வார்த்தை இல்லை. சொட்டு இல்லை, சத்தம் இல்லை, கூலன்ட் நிறைய இருக்கிறது, ஆனாலும் சூட்டு முள் ஏறுகிறது. உள்ளே இம்பெல்லரின் இதழ்கள் அரித்துப்போயிருக்கும், அல்லது பிளாஸ்டிக் இம்பெல்லர் வெடித்து ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றாமல் சும்மா இருக்கும். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் வண்டிகளில் துரு அரிப்பு சகஜம். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றுகிறவர்களைச் சண்டை போட்டுத்தான் தடுக்க வேண்டியிருக்கிறது. இம்பெல்லருக்கு ‘உந்தி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். உந்தி என்றால் தொப்புள். ‘சுழலிதழ்’ என்று வைத்தால் ‘இதழ் அரிப்பு’ என்று இந்தக் கோளாறுக்கும் பெயர் கிடைத்துவிடும்.

முள் ஏறினாலே பம்பு என்று கையேட்டில் எழுதிவிடக் கூடாது. நெரிசலில் நிற்கும்போது ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் முதலில் ஃபேனைப் பார்க்க வேண்டும். மேல் ஹோஸ் கொதித்துக் கீழ் ஹோஸ் சில்லென்றிருந்தால் தெர்மோஸ்டாட் (சூடேறிய பிறகே கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் அடைப்பான்) திறக்காமலும் இருக்கலாம்; விலை குறைந்ததை முதலில் பார்ப்பது பர்ஸுக்கு நல்லது. ஹீட்டரைப் போட்டுப் பார்ப்பதும் ஒரு வழி. சென்னையில் ஹீட்டரா என்று சிரிக்காதீர்கள். இன்ஜின் சூடாக இருந்தும் அதில் குளிர்ந்த காற்றே வந்தால் கூலன்ட் குறைந்திருக்கிறது அல்லது சுற்றவில்லை. கூலன்ட் ரொம்பக் குறைந்துவிட்டால் சென்சார் நனையாமல் முள் பொய்யாகக் கீழே காட்டுவதும் உண்டு. ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதே என்ற எச்சரிக்கை ஏற்கெனவே முன் அத்தியாயத்தில் இருக்கிறது, அதையே இங்கேயும் ஒட்டிவிடுகிறேன்.

கசிகண், வடிதிருகு, சுழலிதழ் மூன்றையும் பட்டியலில் ஏற்றுகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். தெர்மோஸ்டாட்டுக்கு ‘வெப்பநிலைப்பி’ என்று இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஐயா, அதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து