ஒளிவெப்பமா, ஒளிச் சுட்டிகையா? நனோத் துணிக்கைச் சிகிச்சைக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

மருந்துக்கு மசியாத பற்றீரியாவை நனோத் துணிக்கையும் லேசரும் கொண்டு சூட்டினால் கொல்லும் முறைக்கு "ஒளிவெப்பச் சிகிச்சை" என்று நம் கலைச்சொற் பட்டியலில் எழுதி வருகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளிச்சத்தின் சூடு என்றே வாசிப்பவர் விளங்கிக்கொள்வார். வெயில் காய்வதும் அதற்குள் அடங்கிவிடும்.

இங்கே சுடுவது ஒளி அல்ல. 808 நனோமீற்றர் லேசரைத் தண்ணீரும் குருதியும் குறைவாகவே உறிஞ்சும். காயத்தில் இட்ட பொன் துணிக்கைதான் அதை உறிஞ்சிச் சூடாகிறது. அதிலும் உருண்டைத் துணிக்கை உதவாது, அது உறிஞ்சுவது 520 அளவிலுள்ள பச்சை ஒளியை. அகலத்தைப் போல நான்கு மடங்கு நீளமுள்ள கோலாக வளர்த்தால் உறிஞ்சல் 800 பக்கம் நகரும். மெதிசிலின் என்ற மருந்து பற்றாதபடி, தன் கலச்சுவரைக் கட்டும் புரதத்தை மாற்றிக்கொண்ட ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியாவுக்கு, அந்த மாற்றம் சூட்டின் முன் கைகொடுக்காது.

என் முன்மொழிவு: ஒளிச் சுட்டிகை. சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகளில், சூடு போடும் சுட்டிகையும் ஒன்று. நம் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பழகிய சொல். "ஒளியொற்றடம்" என்றும் யோசித்தேன். ஆனால் ஒற்றடம் இதமான சூடு. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுகிற சூட்டுக்கு இந்தக் கிருமி சாகாது, 45 பாகையிலும் பெருகக்கூடியது. 50 பாகையைத் தாண்டிச் சில நிமிடங்களாவது நிற்க வேண்டும்.

—

அக்கா, வணக்கம்.

காரணம் சரி. சொல்தான் இடிக்கிறது. சுட்டிகை என்றால் தசையைச் சுடுவது. இந்த முறையின் பாடெல்லாம் தசை வேகாமல் கிருமியைக் கொல்வதற்கே. 808 நனோமீற்றரில் தோலுக்குப் பாதுகாப்பான எல்லை சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 0.33 உவாற்று. ஆய்வுகூடத்தில் பலரும் 1 உவாற்றும் அதற்கு மேலும் அடிக்கிறார்கள். அங்கே செத்த கிருமிக் கணக்கை அப்படியே நோயாளியின் காயத்துக்குக் கொண்டுவர முடியாது. "சூடு போடப்போகினம்" என்று கேட்டால் நோயாளியும் மிரளுவார்.

கொன்றது துணிக்கையின் சூடுதான் என்று சொல்லுமுன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பொற்கோல்களை சீ.ரி.ஏ.பீ. என்ற சவர்க்காரத்தில்தான் வளர்ப்பது வழக்கம். அது கிருமிநாசினியான செற்றிமைட்டின் இனம். கழுவாமல் விட்டால் லேசரே படாத இருட்டுக் குழாயிலும் பற்றீரியா சாகும், நாம் சூட்டுக்குப் பேர் கொடுப்போம். மேற்பூச்சு மாற்றாமல் அதிகமாகக் கழுவினாலோ உப்புநீர் பட்டதும் கோல்கள் ஒன்றோடொன்று ஒட்டும்: செம்பழுப்புக் கரைசல் சாம்பலாகி, அடியில் கறுப்பாகப் படியும். பிறகு லேசர் அடித்தாலும் முன்போலச் சூடு ஏறாது. ஆகவே துணிக்கை மட்டும், லேசர் மட்டும், இரண்டும், இரண்டுமில்லை என்று நாலு குழாயும் வேண்டும். வெப்பமானியின் முனை லேசர்ப் பாதையில் நின்றால் அதுவே சூடாகிப் பொய் சொல்லும், பக்கத்தில் வையுங்கள்.

நான் சொல்வது ஒளிச்சூடேற்றம். துணிக்கை ஒளிச்சூடேற்றி. ஒளிச்சூடேற்று வினைத்திறன் என்று நீட்டலாம், வினையாகவும் நிற்கும். சாயத்தையும் ஒட்சிசனையும் கொண்டு கொல்லும் ஒளியியக்கச் சிகிச்சையோடும் குழம்பாது. "ச்" கட்டாயம். ஒளியால் சூடேற்றுவது என்பதால் ஒற்று மிகும்; ஒற்றை விட்டால் ஒளியைச் சூடேற்றுவது என்று பொருள் திரும்பிவிடும்.

—

தம்பி, அந்த ஒற்றுக்காகவே ஏற்கிறேன். பட்டியலில் இப்படி இடுகிறேன்:

ஒளிச்சூடேற்றி: ஒளியை உறிஞ்சித் தான் சூடாகி, தன்னைச் சூழ்ந்ததையும் சூடேற்றும் பொருள். எ-டு: பொற்கோல், கிராபீன் ஒட்சைட்டு.