கனடாவிலிருந்து வந்த என்ஏசி போத்தல்: ஓசிடி மருந்தோடு சேர்த்துக் குடிக்கலாமா?

மடுவத்துப் பையன் (தலவாக்கலைப் பக்கம்):

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா வாசிச்சுக்கிட்டு மட்டும்தான் இருந்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கங்க.

எனக்கு 29 வயசு. தோட்டத்துல கணக்குப்பிள்ளை வேலை. மூணு நேரமும் மடுவத்துல (நிறுவைக் கொட்டகை) கொழுந்து நிறுத்து, ஒவ்வொரு ஆளுக்கும் நேரா கிலோவை எழுதணும். வியாதி வந்து குந்தினதும் அந்த இடத்துலதான். 14.5ன்னு எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுறப்பவே, அது 15.4ஆ இருந்திருக்குமோன்னு ஒரு கிள்ளல். குறைச்சு எழுதியிருந்தா அந்த அக்காவுக்கு அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்) விழும், சம்பள நாள்ல கடைக்காரன் முன்னாடி தலைகுனிஞ்சு நிப்பாங்க, பிள்ளைக்குக் கொப்பி வாங்க முடியாது, எல்லாத்துக்கும் நான்தான் காரணம்னு போய்க்கிட்டே இருக்கும். மழை நாள்ல இன்னும் மோசம். தண்ணிக்குன்னு கழிக்கிறாங்களே, அது. (அந்தக் கழிவு சரியா தப்பாங்கிறது வேற பஞ்சாயத்து. அதுல வாயைத் திறந்தா எனக்கு ரெண்டு பக்கமும் அடி.) ராத்திரி டோர்ச் எடுத்துக்கிட்டு ஆபிசுக்குப் போய் செக்ரோலை (சம்பளக் கணக்குப் பதிவு) புரட்டிப் பார்த்திருக்கேன். வாட்சர் அண்ணன் நான் கள்ளக்கணக்கு எழுதுறேன்னு நினைச்சுட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியுமா?

அம்மா முதல்ல கோடாங்கிக்கிட்டதான் கூட்டிட்டுப் போனாங்க. கயிறு இன்னும் கையில இருக்கு. அப்புறம் ஆஸ்பத்திரி மனநல கிளினிக். ஓசிடின்னு (வேணாம்னாலும் விடாம வர்ற எண்ணம், அதுக்காகத் திரும்பத் திரும்பச் செய்யிறது) சொல்லி ஃபுளூஒக்செட்டின் 20ல தொடங்கி, இப்ப 40 மில்லிகிராம், நாலு மாசமாச்சு. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை கண்டியில தெரப்பி. விடியக்காலை பஸ்ஸு, கினிகத்தேனை வளைவுல வயித்தைப் பிரட்டும். அங்க குடுக்கிற வீட்டுப்பாடம் இதுதான்: ஒரு தரம் எழுது, கொப்பியை மூடு, திரும்பப் பார்க்காத, பதட்டம் நூத்துக்கு எத்தனைன்னு மட்டும் குறி. முதல் நாள் 90. அது 40க்கு இறங்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல போச்சு. இப்ப கொஞ்சம் சீக்கிரமா இறங்குது. ஆனா ஒவ்வொரு தரமும் பல்லைப் புடுங்குற மாதிரி இருக்கு.

விசயத்துக்கு வாறேன். கனடாவுல இருக்கிற மாமா மகன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கான். என்ஏசி (என்-அசிட்டைல்சிஸ்டீன்) 600 மில்லிகிராம், 90 மாத்திரை போட்ட போத்தல் ரெண்டு. இனோசிட்டோல்னு ஒரு சத்துப் பவுடர். மெக்னீசியம். சென் ஜோன்ஸ் வோர்ட்னு ஒரு மூலிகை மாத்திரை. "மருந்து எல்லாம் வேணாம்டா, இதெல்லாம் இயற்கை"ன்னு வொய்ஸ் மெசேஜ் வேற. எது நல்லது, எதை எதோட குடிக்கலாம்? பத்து நாளா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இதைத்தான் தேடி வாசிச்சுக்கிட்டு இருக்கேன். ஒண்ணு நல்லதுங்குது, இன்னொண்ணு வேணாங்குது. போத்தல் லேபலையே மனப்பாடமாச் சொல்லுவேன்.

பார்மசி மேசை (ஹட்டன்):

தம்பி, அந்த மூலிகை மாத்திரையை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். நீங்கள் குடிக்கும் மருந்தோடு சென் ஜோன்ஸ் வோர்ட் சேரவே கூடாது. இரண்டும் மூளையில் செரட்டோனின் என்ற இரசாயனத்தைக் கூட்டுபவை. அளவு மீறினால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், தசை வெட்டி இழுப்பது, புத்தி குழம்புவது என்று போய் ஆஸ்பத்திரியில்தான் நிற்கும். 5-எச்டிபி என்று விற்பதும் அப்படித்தான். ஃபுளூஒக்செட்டினை நிறுத்திவிட்டு மூலிகையைக் குடிக்கலாமே என்று நினைக்கவும் வேண்டாம். ஃபுளூஒக்செட்டின் உடம்பை விட்டுப் போக ஐந்து வாரம் வரை எடுக்கும். "இயற்கை" என்றால் அரளிக்காயும் இயற்கைதான்.

என்ஏசி எங்களுக்குப் புதிய சாமான் இல்லை. பரசிட்டமோல் அளவுக்கு மிஞ்சிக் குடித்தவர்களுக்கு ஈரலைக் காப்பாற்ற ஆஸ்பத்திரியில் ஏற்றுவது இதைத்தான். சளியை இளக்கவும் கொடுப்பார்கள். மூளையில் குளூட்டமேட் என்ற இரசாயனத்தைச் சீராக்குகிறது என்ற எண்ணத்தில் ஓசிடிக்கும் சோதித்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் உங்களுடையது போன்ற மருந்தோடு சேர்த்து, நாளுக்கு 2400 முதல் 3000 மில்லிகிராம், பத்துப் பன்னிரண்டு வாரம். சில ஆய்வுகளில் கொஞ்சம் பலன், சிலவற்றில் வெறும் மாவு மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. நிலவரம் அவ்வளவுதான். குமட்டல், வயிற்றெரிவு வரலாம். மூடியைத் திறந்தால் கூழ்முட்டை நாற்றம் அடிக்கும், பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். இழுப்பு (ஆஸ்துமா) இருந்தாலோ, நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை பாவித்தாலோ டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

ஒரு கணக்கும் பாருங்கள். 2400 என்றால் நாளுக்கு 4 மாத்திரை. உங்களிடம் இருப்பது 180, அதாவது 45 நாள். பலன் உண்டா இல்லையா என்று பார்க்க 12 வாரமாவது வேண்டும், அதற்கு 336 மாத்திரை. மிச்சத்தை யார் அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டுத் தொடங்குங்கள். கனடாப் போத்தல் என்றால் என்பிஎன் என்று எட்டு இலக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த நாட்டு அரசாங்கம் பதிந்த இலக்கம் அது.

இனோசிட்டோலுக்கு 1996இல் ஒரு ஆய்வு வந்தது. 13 பேர்தான், நாளுக்கு 18 கிராம், ஆறு வாரம். பலன் தெரிந்தது. ஆனால் பிறகு ஃபுளூஒக்செட்டின் வகை மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது எடுபடவில்லை. 18 கிராம் என்பது கரண்டி கரண்டியாகக் கரைத்துக் குடிக்கிற அளவு, வயிறு ஊதும். மெக்னீசியம் ஓசிடியைக் குறைக்கும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை, கூடினால் வயிற்றோட்டம்.

பழைய தொப்பி:

எங்க காலத்துல இந்த வருத்தமெல்லாம் எங்க இருந்துச்சு? வல்லாரைச் சம்பல், தூதுவளை ரசம், ராத்திரி ஒரு பிளேன்டீ. மூளை சும்மா பளிச்னு நிக்கும். வேலையில கவனம் வச்சா எல்லாம் சரியாயிடும் தம்பி.

பார்மசி மேசை:

ஐயா, வல்லாரையைச் சம்பலாகத் தாராளமாகச் சாப்பிடட்டும். ராத்திரிப் பிளேன்டீ மட்டும் வேண்டாம், ஏற்கனவே படபடப்பில் தூக்கம் இல்லாத பிள்ளை. தம்பிக்குக் கவனம் குறைவில்லை, கூடிப்போனதுதான் வருத்தமே.

பீலிக்கரை அக்கா (பொகவந்தலாவை):

தம்பி, நான் 46 வயசுக்காரி. உங்களுக்குக் கொப்பி, எனக்குக் கை. பீலியில (தண்ணிக் குழாய்) கழுவிக் கழுவி விரல் இடுக்கெல்லாம் வெடிச்சு ரத்தம் வரும். லயத்துல வரிசையா இருக்கிற பத்து வீட்டுக்கு ஒரு பீலி. நான் நின்னா மத்தவங்க குடத்தோட காத்துக்கிட்டு இருக்கணும். எத்தனை ஏச்சு வாங்கியிருப்பேன்னு நெனைச்சுப் பாருங்க.

முதல்ல என்னைப் பார்த்த டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னாங்க. ஹீமோகுளோபின் 8.2, ரொம்பக் குறைவு. மலையேறுறப்ப வர்ற படபடப்பு, தலைச்சுத்தல் எல்லாத்தையும் நான் இந்த ஓசிடிப் பயம்னே நெனைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். இரும்பு மாத்திரை குடுத்தாங்க. தேத்தண்ணியோட குடிச்சா உடம்புல ஒட்டாது, முன்ன பின்ன ஒரு மணித்தியாலமாவது விடணும்னு சொன்னாங்க. தேயிலைக் காட்டுல வேலை செய்யிற நமக்கு அதுவே ஒரு தண்டனை! மூணு மாசத்துல மூச்சு வாங்குறது நின்னுச்சு, நெஞ்சு அடிச்சுக்கிறதும் பாதி குறைஞ்சுச்சு. கை கழுவுறது மட்டும் ஒரு தரம்கூட குறையல. சத்து மாத்திரை எதைச் செய்யும், எதைச் செய்யாதுன்னு எனக்குப் புரிஞ்சது அப்பதான். தைரொயிட்டும் பி12ம் பார்த்தீங்களா? பார்க்கலைன்னா கேளுங்க.

என்ஏசியும் குடிச்சிருக்கேன். மகள் டுபாயிலிருந்து அனுப்பினா, டாக்டருக்குச் சொல்லிட்டு நாலு மாசம். கேலி பண்ணக் கூடாது: அந்த மாத்திரையையே கழுவுனேன். போத்தலுக்குள்ள யார் கை பட்டுச்சோன்னு பீலியில பிடிச்சேன், கூடு கரைஞ்சு உள்ள இருந்த மாவு கையெல்லாம் ஒட்டிக்கிச்சு. அந்த நாத்தத்தைப் போக்க இன்னும் இருபது தரம் கழுவல். தெரப்பி மிஸ்கிட்ட சொன்னா சிரிக்கவே இல்ல. அடுத்த கிழமையிலிருந்து அதுதான் எனக்கு வீட்டுப்பாடம். மாத்திரையைத் தரையில வச்சு எடுத்து, கழுவாம முழுங்கணும். முழுங்கினேன். அன்னைக்கு அழுத அழுகை இருக்கே.

பலன் இருந்துச்சான்னு கேட்டா, எண்ணம் பசை மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தது கொஞ்சம் இளகின மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அதே மாசம்தான் எனக்கு ஃபுளூஒக்செட்டினை 60 ஆக்கினாங்க, அதே மாசம்தான் பீலிக்குப் போற வீட்டுப்பாடமும் தொடங்குச்சு. எது வேலை செஞ்சுச்சுன்னு சாமிக்குத்தான் தெரியும். அதனால சொல்றேன், ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க.

இன்னொண்ணு. கோவிச்சுக்க வேணாம். பத்து நாளா ரெண்டு மணி வரைக்கும் தேடினேங்கிறீங்க, லேபல் மனப்பாடம்ங்கிறீங்க. அது செக்ரோல் இல்லையா தம்பி? டோர்ச்சுக்குப் பதிலா போன் வெளிச்சம்.

மடுவத்துப் பையன்:

அக்கா, கடைசி வரியை வாசிச்சுட்டு போனைக் கவுத்து வச்சுட்டேன். ஒரு நாள் முழுக்க இந்தப் பக்கம் வரல. மாத்திரையை எண்ணிப் பார்த்ததையும் சொல்லிடுறேன். 180 சரியா இருக்கான்னு. மூணு தரம்.

பார்மசி அண்ணே, ஒரே ஒரு கேள்வி, இதுக்கு மேல கேட்க மாட்டேன். டாக்டர்கிட்ட இதைச் சொன்னா ஏசுவாங்களா?

பார்மசி மேசை:

ஏசினால் ஏசட்டும். எல்லாப் போத்தலையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள், பெயரை எழுதிக்கொண்டு போவதைவிட அது நல்லது. கிளினிக் நாளுக்கு முன் மனம் தாங்காமல் போனால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. நான் பதில் போடாவிட்டால் கோபம் என்று எண்ணாதீர்கள். அதே கேள்விக்கு இரண்டாம் தரம் பதில் சொல்வது உங்களுக்கு நல்லதில்லை.

மடுவத்துப் பையன் (ஐந்து வாரத்துக்குப் பிறகு):

சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். டாக்டர் ஏசல. மூலிகை மாத்திரையை அங்கேயே வாங்கி வச்சுக்கிட்டாங்க. இனோசிட்டோலும் மெக்னீசியமும் இப்போதைக்கு வேணாம். ரத்தம் பார்த்தாச்சு, இரும்பு, தைரொயிட், பி12 எல்லாம் சரி. சாக்கு சொல்ல ஒண்ணும் கிடைக்கல. என்ஏசி காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, ரெண்டு வாரம் கழிச்சு ரெண்டு ரெண்டு. அதுவரைக்கும் ஃபுளூஒக்செட்டின் அளவைத் தொட மாட்டோம்னாங்க. மாமா மகன்கிட்ட இன்னும் ரெண்டு போத்தல் கேட்டிருக்கேன். "இயற்கை"யைப் பத்தி அவனோட ஒரு சண்டையும் முடிஞ்சுச்சு.

போத்தல் இப்ப அம்மாகிட்ட. பழைய நெஸ்டமோல்ட் டின்னுக்குள்ள போட்டு எங்கயோ வச்சிருக்காங்க. நேரத்துக்குக் கையில தருவாங்க, நான் எண்ணுறதும் இல்ல, வாசிக்கிறதும் இல்ல. முதல் வாரம் நல்ல குமட்டல், சாப்பாட்டுக்குப் பிறகு குடிச்சதும் அடங்கிச்சு. வேற வித்தியாசம் ஒண்ணும் சொல்ற மாதிரி இல்ல.

வீட்டுப்பாடம் கூடியிருக்கு. இப்ப பின்னேர நிறுவை முடிஞ்சதும் கொப்பியை நானே ஆபிசுக்குக் கொண்டு போகக் கூடாது, வேற ஆள்கிட்ட குடுத்து அனுப்பணும். நேத்து நல்ல மழை. தண்ணி கழிச்சு எழுதி, மூடி, குடுத்தனுப்பிட்டு லயத்துக்கு நடந்தேன். 85. வீட்டுக்கு வர்றப்ப 70. அம்மா ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தாங்க, சாப்பிட்டு முடிக்கிறப்ப 45. ஒரு பெயருக்கு நேரா என்ன எழுதினேன்னு இப்பவும் ஞாபகம் இல்ல. கொப்பி ஆபிஸ்ல கிடக்கு.