வார இறுதிக்கு அந்தமான்: ஒரு தீவு போதுமா?

வெள்ளிக்கிழமை மட்டும் லீவு போட்டு அந்தமான் போய் வர முடியுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முடியும். போன நவம்பரில் நண்பர்கள் நால்வர் அப்படித்தான் போய் வந்தோம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம்தான். கப்பலும் இருக்கிறது, ஆனால் அது போய்ச் சேருவதற்குள் நம் லீவு முடிந்துவிடும்.

கிளம்பும் முன் எங்களுக்குள் பெரிய சண்டை. ஒருவனுக்கு ஹேவ்லாக், நீல், ராஸ் மூன்று தீவுகளும் வேண்டும். போதாததற்குப் பாராடாங் சுண்ணாம்புக் குகையும். வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்தான் தெரியும். ஆனால் அங்கே நம் நாளைத் தீர்மானிப்பது படகு நேரம். விமானம் இறங்கும் போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்கு ஒன்றரை மணி நேரம் என்பார்கள். அதற்கு முன்பே ஜெட்டிக்குப் போய், பெட்டியைக் கொடுத்து, வரிசையில் நின்று, இறங்கியதும் ஆட்டோ பிடித்து அறைக்குப் போவதற்குள் அரை நாள் காலி. போதாக்குறைக்குப் பொழுதும் சீக்கிரம் சாய்ந்துவிடும். தீவுகள் அவ்வளவு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் நம்முடையதுதானே! நவம்பரில் ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிட்டது.

கடைசியில் நீல் மட்டும் என்று முடிவானது. (டிக்கெட்டில் ஷஹீத் த்வீப் என்று இருக்கும்; 2018-ல் பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேரும் 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம். ஆட்டோக்காரர்கள் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.)

நீலில் லக்ஷ்மண்பூர் பக்கம் கடல் குடைந்த பாறைப் பாலம் ஒன்று இருக்கிறது. கடல் வற்றும் நேரத்தில்தான் அதன் அடிவரை நடக்க முடியும். அந்த நேரமோ நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அறை எடுத்த இடத்தில் கேட்டுக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றியே அமைத்தோம்.

பாறைமேல் தட்டுத் தடுமாறி நடக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணே, பாசி மேல கால் வைக்காதீங்க, வழுக்கிரும்!" பார்த்தால் பெங்காலிக் குடும்பத்து வழிகாட்டிப் பையன். போர்ட் பிளேரில் படிக்கும்போது கூட்டாளிகளிடம் தமிழ் கற்றுக்கொண்டானாம். முழங்கால் அளவு கூட இல்லாத ஒரு குட்டையில் எங்களைக் குனியச் சொன்னான். கறுப்பாகக் கடல் அட்டை, கல்லோடு கல்லாக ஒரு நண்டு, பவளத்துக்குள் போய் ஒளியும் நீல மீன்கள். ஒரு மணி நேரம் அங்கேயே போனது. ஹேவ்லாக் கேட்டவன்தான் கிளம்பவே மாட்டேன் என்றான்.

சனி மாலையே போர்ட் பிளேருக்குத் திரும்பிவிட்டோம். காற்று பலமாக இருந்தால் படகை ரத்து செய்துவிடுவார்கள். விமானம் பிடிக்க வேண்டிய அன்று படகை நம்பக் கூடாது. ஞாயிறு காலை செல்லுலார் சிறை. அதற்கு விடுமுறை நாளா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

*

இன்னொருவரின் அனுபவம்: நாங்கள் ஹேவ்லாக் மட்டும் போனோம், அதுவும் நல்ல முடிவுதான். ராதாநகர் கடற்கரையில் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தோம். ஒரே குறை, போகும்போது கடல் கொந்தளிப்பு. பணியாளர்கள் பை கொடுத்துக்கொண்டே வந்தார்கள், என் தம்பிக்கு இரண்டு தேவைப்பட்டது. வாந்தி வரும் உடம்பு என்றால் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், ஏறிய பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை.

*

மற்றொருவர் சொல்வது: பாராடாங்கை வார இறுதிப் பயணத்தில் சேர்க்கவே வேண்டாம். அங்கே போகும் சாலையில், ஜாரவா பழங்குடி மக்களின் காப்புப் பகுதி வழியாகக் குறித்த நேரத்தில், பாதுகாப்போடு வரிசையாகத்தான் வண்டிகளை விடுவார்கள். நடுவில் நிறுத்தவோ படம் எடுக்கவோ கூடாது. விடியும் முன்பே கிளம்பினாலும் முழு நாள் போய்விடும்.

அப்புறம், குழந்தைகளின் பையை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். என் மகள் பொறுக்கி வைத்திருந்த பவளத் துண்டுகளை விமான நிலையத்தில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் சென்னை வரும்வரை அவள் எங்களோடு பேசவில்லை.