மூலைவிட்டம் சமமாக இருக்கிறது, ஆனால் அடுக்கினால் பெட்டி சாய்கிறது. உதவி தேவை

கேள்வி:
வணக்கம். நாங்கள் நான்கு பேர் வரிசையாக நின்று காட்சி அடுக்குக்கான மரப்பெட்டிகள் செய்கிறோம். ஒருவர் அறுப்பார், ஒருவர் பலகைகளை எடுத்துக் கொடுப்பார், நான் ஜிக்கில் (பலகைகளை நேராகப் பிடித்துவைக்கும் சட்டம்) வைத்து ஆணி அடிப்பேன், கடைசி ஆள் உப்புத்தாள் போடுவார். காலையில் செய்பவை நன்றாக வருகின்றன. மதியத்துக்கு மேல் செய்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், ஐந்தாவது பெட்டி வருவதற்குள் ஒரு பக்கம் 1 செ.மீ. இறங்கிவிடுகிறது. மூலைவிட்டங்களை அளந்தால் சமம். ரம்பமும் சரியாக 90 டிகிரி. ஜிக்கை மூன்று முறை பிரித்துக் கட்டிவிட்டேன். எங்கே தவறு?

பதில்:
ஜிக்கை விடுங்கள். மூலைவிட்டம் சமம் என்பதால் மட்டும் செவ்வகம் ஆகிவிடாது, எதிரெதிர்ப் பக்கங்களும் சமமாக வேண்டும். இடது பலகை 300 மி.மீ., வலது 298 என்றால் அது சரிவகம். அதிலும் மூலைவிட்டங்கள் ஒன்றாகவே வரலாம். பெட்டிக்கு 2 மி.மீ. என்றால் ஐந்துக்கு உங்கள் 1 செ.மீ. வந்துவிட்டது. காலையில் அறுத்த துண்டையும் மாலைத் துண்டையும் சேர்த்து நிறுத்தி, முனையை விரலால் தடவிப் பாருங்கள்.

கேட்டவர்:
ஆமாம், மாலைத் துண்டு குட்டை! ஆனால் ஸ்டாப் கட்டை (அறுக்கும்போது நீளம் மாறாமலிருக்கப் பலகையின் முனை முட்டி நிற்கும் கட்டை) இம்மியும் நகரவில்லையே?

பதில்:
நகர வேண்டியதில்லை. கட்டையின் அடியில் மரத்தூள் சேர்ந்து இறுகியிருக்கும். பலகை கட்டையைத் தொடாமல் தூளில் முட்டி நிற்கிறது. அந்தத் தடிமன் அளவுக்குத் துண்டு குறைகிறது. கட்டையின் அடி விளிம்பை 5 மி.மீ. சாய்வாகச் சீவிவிடுங்கள், தூள் ஒதுங்க இடம் கிடைக்கும்.

இன்னொருவர்:
ஜிக்கின் உள்மூலைகளிலும் இதே கதைதான். அங்கே சின்ன வெட்டு விட்டால் தூளும் பிதுங்கும் பசையும் அதற்குள் போய்விடும். அப்புறம், ஒரு பெட்டியின் இரண்டு பக்கப்பலகைகளையும் அடுத்தடுத்து அறுத்து ஜோடியாகவே அனுப்பச் சொல்லுங்கள். காலைத் துண்டும் மாலைத் துண்டும் ஒரே குவியலில் கலப்பதுதான் பெரிய தொல்லை.

கேட்டவர்:
கட்டையைச் சீவினோம், பக்கத்தில் ஒரு பிரஷ் தொங்கவிட்டோம். இன்று ஏழு அடுக்கு வைத்தோம், நேராக நிற்கிறது. அறுப்பவரை நேற்று கடிந்துகொண்டேன். அது அவர் தவறில்லை என்று முதல் வேலையாகப் போய்ச் சொன்னேன். மிகவும் நன்றி. மீதமிருக்கும் 14 குட்டைத் துண்டுகளை என்ன செய்யலாம்?

பதில்:
எல்லாவற்றையும் அவற்றில் மிகக் குட்டையானதற்குச் சமமாக அறுத்து, ஏழு பெட்டி செய்யுங்கள். மேல் அடுக்கில் மட்டும் வையுங்கள், வித்தியாசம் தெரியாது.